பணியார டின்னுக்குள் ஒரு காரின் மூச்சு

நரிப்பாறைத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எழுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். எழுபத்திரண்டு பேருக்கும் மூக்கு இருந்தது. ஆனாலும் மூக்கு என்று அங்கே மதிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது டீமேக்கர் குணரத்தினத்தினுடையது. கொழுந்து வாடி முடிந்ததா, அரைத்த இலை பதமாகப் புளித்ததா, அடுப்பைத் தணிக்க வேண்டுமா என்பதையெல்லாம் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் முகர்ந்தே சொல்லிவிடுவார். சுன்னாகத்தில் பிறந்து, இருபத்திரண்டாவது வயதில் அட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அந்த மூக்கு, பத்தொன்பது வருட மலைக்குளிரில் ஒரு தடவைகூடச் சளி பிடிக்கவிடாமல் கம்பளி மஃப்ளர் சுற்றிப் பேணப்பட்டு வந்தது.

தேயிலைக்கு ஒரு பொல்லாத குணம். பக்கத்தில் எது மணக்கிறதோ அதை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஆகவே ஃபெக்டரிக்குள் பீடி கூடாது, பூ கூடாது, வாசனைச் சவர்க்காரம் கூடாது, சாம்பிராணி பிடித்த சேலை கூடாது. இது குணரத்தினத்தின் சட்டம். சல்லடை அறையில் தூள் சலிக்கும் பெண்களுக்கு மூத்தவளான வீரம்மா, அண்ணன் மகள் சடங்குக்குப் போய்விட்டு மறுநாள் வேலைக்கு வந்தாள். மல்லிகைப் பூவைத் தான் குடியிருக்கும் லயத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தாள். "கொண்டையில மணம் மிச்சம் நிக்குது" என்று வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விட்டது. அரைப்பேர் விழுந்தது, அதாவது அரைநாள் சம்பளம். வீரம்மா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது மறந்ததனால் அல்ல என்பது பின்னால் தெரியவந்தது.

வீட்டிலும் இதே ஆட்சிதான். மனைவி கனகாம்பிகை கல்யாணமாகி வந்த எட்டு வருடத்தில் ஒரு நெத்தலிக் கருவாடு பொரித்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பார்சலில் வரும் கருவாட்டை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் பொரிக்கும் வாசத்தை ஜன்னலோரம் நின்று அனுபவித்துவிட்டு உள்ளே வருவாள். அதுவும் கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இராச்சியத்துக்குள் 1959ஆம் ஆண்டு ஒரு கார் வந்து சேர்ந்தது.

தோட்டத்து உதவி மனேஜரான சின்ன துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். காரைக் கப்பலில் ஏற்ற அவருக்கு மனமில்லை. ஏற்றியிருந்தால் கப்பல் தாழ்ந்திருக்கும் என்பது, ஃபெக்டரியின் பெரிய எஞ்சினை ஓட்டும் சின்னராசாவின் கருத்து. குணரத்தினம் அதை வாங்கினார். காரணம் இல்லாமல் இல்லை. ஃபெக்டரிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய பழைய குவாட்டர்ஸை இரண்டு வருடத்துக்கு முந்திய அடைமழை மண்ணோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. புதிய வீடு இரண்டு மைல் கீழே, ஆற்றோரத்தில். தினமும் அந்த ஏற்றத்தை நடந்து ஏறிவருவது டீமேக்கர் பதவிக்கு அழகில்லை என்று அவர் முடிவுசெய்தார்.

கார் ஏறியது. ஏறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலாவது கியரில், எருமை சேற்றிலிருந்து எழுவதுபோல, முக்கால் மணி நேரம் ஏறியது. நடந்தால் நாற்பது நிமிடம்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை பெரிய துரை குணரத்தினத்தை ஒபிசுக்குக் கூப்பிட்டார். மேசையில் கொழும்பிலிருந்து வந்த கடிதம். நரிப்பாறைத் தேயிலையில் எண்ணெய் வாடை இருப்பதாக, விற்பனைக்கு முன் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் எழுதியிருந்தார்கள்.

"எண்ணெய் வாடையோ?" என்றார் குணரத்தினம். "சேர், என்ர ஃபெக்டரியிலயோ?"

பெரிய துரை எழுந்து வந்து, குணரத்தினத்தின் தோளருகில் குனிந்து ஒருமுறை முகர்ந்தார். பிறகு ஜன்னலைத் திறந்தார்.

"உமக்கு ஒன்றும் மணக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குணரத்தினம் தம் கோட்டுக் கையை முகர்ந்தார். மஃப்ளரை முகர்ந்தார். ஒன்றும் இல்லை.

"அதுதான் பிரச்சினை," என்றார் துரை. "உடுப்பு நாறுவது பெரிய காரியமில்லை, துவைக்கலாம். டீமேக்கருக்கு அது தெரியவில்லை என்றால் மூக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி கொழும்பிலிருந்து ருசி பார்க்கும் துரை நேரில் வருகிறார். அவருக்கும் எண்ணெய் மணந்தால், வேறு மூக்குத் தேட வேண்டியிருக்கும்."

குணரத்தினம் வெளியே வந்து நின்றார். ஃபெக்டரி வாசலில் வீரம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"எத்தினை நாளா உனக்கு இந்த மணம் தெரியும்?" என்று கேட்டார்.

"காரு வந்த மொத நாளே தெரியுங்க அய்யா."

"ஏன் சொல்லேல்ல?"

"அய்யா மூக்குக்குத் தெரியாததா எங்க மூக்குக்குத் தெரியப் போவுதுன்னு இருந்துட்டேங்க."

காரை எஞ்சின் அறைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். சின்னராசா படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னான்.

"காருக்கு மூச்சு எறைக்குதுங்க அய்யா. எஞ்சினுக்குள்ள ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சு. வெடிக்கிற பொகையில கொஞ்சம் அடியில எண்ணெ இருக்கிற பெட்டிக்குள்ள எறங்கிருது. அது வெளிய போறதுக்கு ஒரு பைப்பு வச்சிருக்கான், தரையப் பாத்துத் தொங்குது பாருங்க. தட்ட ரோட்டுல வேகமாப் போனா காத்து அத இழுத்துக்கிட்டுப் போயிரும். நம்ம ஏத்தத்துல வேகமேது, காத்தேது? அடியிலயே நின்னு, கால் வைக்கிற பலகைச் சந்துல ஏறி, நேரா அய்யா மடியில வந்து உக்காந்துக்குது."

"இதுக்கு என்ன செய்யலாம்?"

"அந்தப் பைப்ப மேல திருப்பி, காபரேட்டருக்கு மேல காத்து இழுக்கிற மூடி இருக்குல்ல, அதுக்குள்ள விட்டுருவோங்க. எஞ்சினே அத இழுத்து எரிச்சிரும். ஒரு முழம் ரப்பர் குழா போதும்."

குணரத்தினம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தான் விட்ட கெட்ட காத்தைத் தானே திருப்பி இழுக்கிறதோ? மனுசன் செய்வானோ? நல்ல காத்து உள்ளுக்கு, கெட்ட காத்து வெளியால. கொழுந்து வாட்டுற மாடியில ஃபேன் ஏன் போட்டிருக்கு? உனக்கு எஞ்சின் ஓட்டத்தான் தெரியும் சின்னராசா, காத்து எண்டால் என்னெண்டு தெரியாது."

"சரிங்க அய்யா," என்றான் சின்னராசா. "என்னா செஞ்சாலும் மூச்ச மட்டும் அடைச்சிராதீங்க."

அன்று மாலையே குணரத்தினம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மருந்துப் போத்தல் தக்கை ஒன்றை எடுத்து அந்தப் பைப்பின் வாயில் அடித்து இறுக்கினார். மணம் வரும் வழியை அடைத்தால் மணம் எப்படி வரும்? மறுநாள் காலை பாதி ஏற்றத்தில், கார் தன் உடம்பில் உள்ள எல்லாப் பொருத்துகளிலிருந்தும் எண்ணெய் கசிந்தது. அதுவரை கசியாத இடங்களிலும் கசிந்தது. ஃபெக்டரி முற்றத்தில் கறுப்புக் கோலம் ஒன்று விழுந்தது. சின்னராசா குறட்டால் தக்கையைப் பிடுங்கி, ஒன்றும் சொல்லாமல், துடைத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தான். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று குணரத்தினத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நீளக் குழாய். அதைப் பைப்பில் மாட்டி, காரின் வால்வரை இழுத்துக் கட்டினார். மணம் பின்னால் போகும், பின்னால் வருபவர்கள் பாடு. பின்னால் வந்தது பெரிய துரையின் ஜீப். ஒரு மைல் தூரம், முந்திப் போக இடமில்லாத வளைவுகளில், துரை அந்த மூச்சைச் சுவாசித்துக்கொண்டே வந்தார். ஃபெக்டரி வாசலில் இறங்கி, "இன்னும் ஆறு நாள் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அன்று சனிக்கிழமை. பின்னேரம் குணரத்தினம் குசினி மேசை முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தூள் டின்னின் மூடி திறந்திருந்தது. மூடச் சொல்லி வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். தேயிலை எல்லா மணத்தையும் இழுக்கும். பத்தொன்பது வருடமாக இந்தக் குணத்தோடு சண்டை போட்டவர், அதை ஒரு நாள்கூட வேலைக்கு வைக்கவில்லையே!

"கனகம், உந்தப் பணியார டின்னைத் தாரும்."

"அதுக்குள்ள பணியாரம் இருக்கு."

"கொட்டும்."

"என்னத்துக்கு?"

"கார் மூச்சு விடுறதுக்கு."

கனகாம்பிகை டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, பூக் கேட்டன், வேண்டாமெண்டியள். பவுடர் கேட்டன், வேண்டாமெண்டியள். எட்டு வருசமா ஒரு நெத்தலி பொரிச்சனானோ? எல்லாம் உங்கட மூக்குக்காகத்தானே? இப்ப உங்கட மூக்கே போட்டுதெண்டு ஊரெல்லாம் கதைக்குது. இனி என்ர டின்னும் போகோணுமோ?"

"ஆர் சொன்னது மூக்குப் போட்டுதெண்டு?"

"ஆரும் சொல்லத் தேவையில்ல. பக்கத்தில வந்து நிண்டால் எனக்குத் தலை சுத்துது."

டின் போயிற்று. அடியில் ஒரு துளை, மேலே ஒரு துளை. நடுவில் தேங்காய்த் தும்பு ஒரு தட்டு, காய்ந்த தேயிலை ஒரு தட்டு, மறுபடி தும்பு, மறுபடி தேயிலை, இறுக்கி இறுக்கி அடைத்தார். பைப்பிலிருந்து வந்த ரப்பர் குழாயை அடித்துளையில் செருகி, டின்னை எஞ்சின் பக்கத்தில் கம்பியால் கட்டினார். பணியார டின்னின் வெளியில் படம் போட்டிருந்த இரண்டு மயில்களும் பொனெட்டுக்குள் இருந்து வியப்போடு பார்த்தன.

திங்கட்கிழமை, மணமே இல்லை. வீரம்மா மூக்கைப் பொத்தவில்லை. செவ்வாய்க்கிழமை, இல்லை. புதன்கிழமை பெரிய துரையே காருக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தினார். குணரத்தினம் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு எஞ்சின் அறைக்குப் போனார்.

"எப்பிடி சின்னராசா?"

சின்னராசா டின்னைத் தட்டிப் பார்த்தான். "எஞ்சின் மூச்சுல வெறும் பொகை மட்டும் இல்லீங்க அய்யா. ஆவியும் இருக்கு. நம்ம குளுருக்கு அது தண்ணியாயிரும்."

"தண்ணி எண்டால் வடிஞ்சு போகும்."

"இருக்கிறது தேயிலைங்களே அய்யா..."

"உன்ர வேலையைப் பார்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் தேயிலை விரிந்து மூன்று மடங்காகும் என்பது நரிப்பாறைத் தோட்டத்தில் பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். கேத்தலில் ஒரு கரண்டி போட்டால் கேத்தலின் மூக்குவரை வந்து அடைத்துக்கொள்வதைக் காணாத வீடு அங்கே கிடையாது. அந்த ஒரே ஒரு சங்கதி, இலையைத் தூளாக்கியே வாழும் ஒருவருக்கு மட்டும் மறந்து போயிற்று.

வெள்ளிக்கிழமை ருசி பார்க்கும் துரையை அட்டன் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரத் தம் காரிலேயே போகக் குணரத்தினம் அனுமதி கேட்டார். பெரிய துரை சற்று யோசித்து, "நல்லது. அவருடைய மூக்கே தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார்.

கொழும்பு துரை வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினார். அதிகம் பேசாதவர். நாக்கைத் தொழிலுக்கு மட்டுமே உபயோகிப்பவர் போல. காரில் ஏறியதும் ஒருமுறை மூச்சை இழுத்தார். தலையை ஆட்டினார். குணரத்தினத்துக்குப் பெருமை நெஞ்சில் இடம் கொள்ளவில்லை. எட்டு மைல் அப்படியே போயிற்று.

கடைசி ஏற்றம் தொடங்கியது. முதலாவது கியர். பாதி தூரத்தில் எஞ்சினுக்குள் யாரோ விக்குவதுபோல ஒரு சத்தம். "என்ன அது?" என்றார் துரை. "குளிர், சேர்," என்றார் குணரத்தினம். விக்கல் இரண்டானது. அடுத்த வளைவில், எண்ணெய் அளவு பார்க்கும் நீளக் கம்பி தன் குழியிலிருந்து துள்ளி எழுந்து பொனெட்டின் உள்பக்கத்தில் 'டங்' என்று அடித்தது. எண்ணெய் சூடான புகைக் குழாயில் சீறியது. பலகைச் சந்துகளின் வழியாக நீலப்புகை, அதோடு பனிபோல நுண்ணிய எண்ணெய்ச் சாரல், கொழும்பு உடுப்பின் முழங்கால்களைத் தேடி வந்தது. குணரத்தினம் பிரேக்கை மிதித்து, இறங்கி, பொனெட்டைத் திறந்தார். திறந்த அதே கணத்தில் டின் மூடியைத் துறந்தது. ஐந்து நாள் ஊறிய தேயிலை, கறுத்து, சூடாக, அவர் முகத்திலும் மஃப்ளரிலும் மூக்குக்கண்ணாடியிலும் அறைந்தது.

கொழும்பு துரையும் இறங்கினார். கோபிப்பார் என்று குணரத்தினம் காத்திருந்தார். துரையோ குணரத்தினத்தின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தொழில் பழக்கத்தில் முகர்ந்தார்.

"இது சரியாக வாடாத கொழுந்து," என்றார். பிறகு நடக்கத் தொடங்கினார்.

முக்கால் மைல். குணரத்தினத்தின் தலைக்குள் ஒரே எண்ணம்: இந்த மனிதன் எண்ணெய் நாற்றத்தோடு ஃபெக்டரிக்குள் போவான். எதை முகர்ந்தாலும் எண்ணெய்தான் மணக்கும். எல்லாம் முடிந்தது.

ஃபெக்டரி வாசலில் பெரிய துரை காத்திருந்தார். வந்த கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். சல்லடை அறைக் கதவைக் காட்டி, "வாருங்கள், முதலில் தூளைப் பாருங்கள்" என்றார். கொழும்பு துரை படியில் கால் வைத்தார்.

கதவை அடைத்துக்கொண்டு வீரம்மா நின்றாள்.

"தொரை, உள்ள போவக் கூடாதுங்க."

பெரிய துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். தம் காதுகளை நம்பாமல், "என்னா வீரம்மா?" என்றார்.

"அந்தத் தொரை மேல எண்ணெ வாசம் அடிக்குதுங்க. நான் பூ வச்ச கொண்டையோட வந்தேன்னு என்னயத் திருப்பி அனுப்புனாங்க, அரைப்பேரு போட்டாங்க. வாசம் இருந்தா யாரா இருந்தாலும் வாசலோட நிக்கணும். இது டீமேக்கர் அய்யா சட்டமுங்க. அய்யாவையே கேட்டுப் பாருங்க."

உள்ளே பதினான்கு சல்லடைகளும் நின்றன. பெரிய துரை குணரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். அது அவள் கேட்ட பழைய கடன்தான் என்று குணரத்தினத்துக்கு விளங்காமல் இல்லை. 'விடு, வழிவிடு' என்று ஒரு சொல் போதும். கொழும்பு துரை கோபிக்காமல் உள்ளே போய்விடுவார். உள்ளே விரித்துக் கிடந்தது அந்த வாரத் தூள் முழுவதும். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் எண்ணெய் குடிக்கும்.

குணரத்தினம் தாடையில் ஒட்டியிருந்த தேயிலையைத் துடைத்தார்.

"ஓம் சேர். என்ர சட்டந்தான். இவர் போகேலாது." எரிச்சலோடு சேர்த்துக்கொண்டார்: "நானும் போகேலாது."

இரண்டு பேரும் சாரல் மழையில் வாசலில் நின்றார்கள். வீரம்மா கையை இரண்டு தரம் கழுவி, ஒவ்வொரு தட்டிலிருந்தும் பிடி தூள் அள்ளி, முகர்ந்து, டின்களில் அடைத்து, ஈயத்தால் மூடவைத்துக் கதவிடுக்கால் நீட்டினாள். கொழும்பு துரை வாங்கிக்கொண்டார். இருபது வருடத் தொழிலில் தம்மை ஒரு ஃபெக்டரி வாசலில் நிறுத்தியது இதுதான் முதல் தடவை என்று பெரிய துரையிடம் சொன்னதாகக் கேள்வி. பாராட்டாகச் சொன்னாரா, முறைப்பாடாகச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் போவதற்கு ஜீப் கேட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தூள் சுத்தம், எண்ணெய் வாடை இல்லை. குணரத்தினத்தின் வேலை தப்பியது. ஆனால் பெரிய துரை அதோடு ஒரு துண்டுக் காகிதமும் அனுப்பியிருந்தார்: இனிமேல் சல்லடை அறைக்குள் போகிற எவரையும், டீமேக்கர் உட்பட, வீரம்மா முகர்ந்து பார்த்த பிறகே விடவேண்டும்.

அதைப் படித்த அன்றே குணரத்தினம் நாலு பேரை வைத்துக் காரை எஞ்சின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அந்த ஒரு முழக் குழாயைப் போட்டுவிடு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சின்னராசா போட்டான். பைப்பின் வாய் மேலே திரும்பி, காற்று இழுக்கும் மூடிக்குள் போயிற்று. கார் தன் மூச்சைத் தானே இழுத்து எரித்துக்கொண்டு, கொஞ்சம் நீலமாகப் புகைத்தாலும், மணமில்லாமல் மலையேறியது.

"ஆரும் கேட்டால் இது ஆரின்ர யோசினை?"

"அய்யா யோசனைதாங்க. மொதல்ல வேணாம்னு சொன்னதும் அய்யாதான்."

மறு திங்கட்கிழமை காலை குணரத்தினம் துவைத்த கோட்டும் புதிய மஃப்ளருமாகச் சல்லடை அறைப் படியில் நிமிர்ந்து நின்றார். வீரம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தோளருகில் நிதானமாக மூச்சை இழுத்தாள்.

"எண்ணெ வாசம் துளிகூட இல்லீங்க அய்யா."

குணரத்தினம் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். வீரம்மா கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நெத்திலிக் கருவாடு."

"என்னது?"

"பொரிச்சதுங்க. வெங்காயம் போட்டு."

குணரத்தினம் கோட்டுக் கையை மூக்கில் வைத்து ஆழ இழுத்தார். ஒன்றும் மணக்கவில்லை. விடியற்காலையில் குசினியில் கனகாம்பிகை ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது மட்டும் இப்போது நினைவுக்கு வந்தது.

"வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வாங்க அய்யா," என்றாள் வீரம்மா. "அரைப்பேரு போட மாட்டாங்க."